விழுந்த பேப்பரைப் பிரித்துப் பார்த்தல்

தேர்வு முடிவு வந்த அன்று ஆறுதல் சொல்ல வருகிறவர்களில் பாதிப் பேர் ‘தோல்விதான் வெற்றிக்கு முதல் படி’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இந்த அத்தியாயம் முடியும்வரை அந்த வாசகத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். ஒரே பேப்பரை மூன்றாம் தடவை, நான்காம் தடவை எழுதிக்கொண்டிருப்பவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. தோல்வி தன்னாலேயே பாடம் சொல்லிக்கொடுக்கும் என்றால், அந்தப் பேப்பரில் அவர்களல்லவா பெரிய புலவர்களாக இருக்க வேண்டும்? கப்பு (அரியர்) வாங்கியவனுக்குப் பாடம் சொல்லித்தரக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான், அவன் எழுதிய விடைத்தாள். அதை அநேகம் பேர் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. அதை வாங்கி, பிரித்து, பயன்படுத்துவது எப்படி என்பதே இங்கே விஷயம்.

ஏன் பார்ப்பதில்லை என்பதற்கு ஒரு சோதனை விடை தருகிறது. 2019-இல் லாரன் எஸ்க்ரைஸ்-விங்க்லர், ஐலெட் ஃபிஷ்பாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள், யாருக்கும் விடை தெரிய வாய்ப்பில்லாத கேள்விகளைக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டே விடைகள். ஒரு சாராருக்குச் சரியாகச் சொன்னது மட்டும் தெரிவிக்கப்பட்டது, இன்னொரு சாராருக்குத் தப்பாகச் சொன்னது மட்டும். இருப்பதே இரண்டு விடை என்பதால் ‘தப்பு’ என்றாலே மற்றது சரி என்று தெரிந்துவிடும். இரு சாராருக்கும் கிடைத்த தகவல் ஒன்றுதான். ஆனாலும் பிறகு சோதித்தபோது ‘தப்பு’ என்று கேட்டவர்கள் குறைவாகவே கற்றிருந்தார்கள். அடுத்தவருடைய தப்பைப் பார்த்துக் கற்கச் சொன்னபோதோ அந்தக் குறை காணவில்லை. அறிவில் பஞ்சமில்லை, சொந்தத் தப்பென்றால் மனசு அந்தப் பக்கம் திரும்ப மறுக்கிறது. கீழே வரும் வழிமுறைகள் எல்லாம் இந்த ஒரு தடையைத் தாண்டுவதற்காகவே வகுத்தவை.

‘கலாம் தோற்றுத்தானே ஜெயித்தார்?’ என்று கேட்பீர்கள். 1979 ஆகஸ்ட் 10 அன்று அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் கிளம்பிச் சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது; 1980 ஜூலை 18 அன்று அடுத்த கலம் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. பட்டிமன்ற மேடைகளில் இந்தக் கதை இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டதோடு முடிந்துவிடும். நடுவில் இருந்த பதினோரு மாதத்தை யாரும் சொல்வதில்லை. பதிவான தரவுகளைத் தோண்டி, இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு மூடாமல் நின்று அமிலம் கசிந்துபோனதைக் கண்டுபிடித்தார்கள். பெருந்தன்மை பெரிய குணம்தான். அடுத்த கலத்தை மேலே அனுப்பியதில் அந்த வால்வைக் கண்டுபிடித்ததற்கும் பங்குண்டு. உங்கள் பேப்பரிலும் ஒரு வால்வு இருக்கிறது.

பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாடே ஒரு தடவை சோதனைக்கூடமாக இருந்தது. கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்ட் 26 அன்று, அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டியிருந்த மாணவர்களுக்கு, இறுதிப் பருவம் நீங்கலாக, தேர்வு ரத்து என்று அரசு அறிவித்தது. அப்போதைய முதல்வரை ‘அரியர் மாணவர்களின் அரசனே’ என்று போஸ்டர் அடித்தவர்களும் உண்டு. அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு ஆட்சேபித்தது, வழக்கு நடந்தது, 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ரத்தை ஏற்க மறுத்து, ஏதாவது ஒரு வடிவில் தேர்வு நடத்தியாக வேண்டும் என்றது. தொற்றுக் காலத்தில் மாணவர்களுக்கு இரக்கம் காட்டியதில் தப்பில்லை. ஆனால் தகவல் எதுவும் கைக்கு வராமலே அரியர் காணாமல் போனதாக எண்ணியிருந்தவர்கள், பல மாதம் கழித்து அதே புத்தகத்தை அதே பக்கத்தில் திறக்க வேண்டி வந்தது.

தொடங்குமுன்: முதல் இரண்டு நாள்

முடிவு வந்த 48 மணி நேரத்துக்குள் எந்தப் பெரிய முடிவும் எடுக்காதீர்கள். கோர்ஸை விடுவது, ஊரைவிட்டுப் போவது, விடுதியில் கதவைச் சாத்திக்கொண்டு தனியே கிடப்பது எதுவும் வேண்டாம். இதை ஒப்புக்குச் சொல்லவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள். காரணங்கள் பல; பரீட்சையும் அவற்றில் ஒன்று. ‘இருக்கவே வேண்டாம்’ என்ற எண்ணம் உங்களுக்கு ஒரு நொடி வந்தாலும், அறைத் தோழன் பேச்சில் தென்பட்டாலும், 14416 என்ற மனநல உதவி எண்ணையோ 104-ஐயோ அப்போதே கூப்பிடுங்கள். தமிழில் பேசலாம், காசு கிடையாது. அந்த நிலையில் இருப்பவரைத் தனியே விடக் கூடாது.

1. வீட்டில் முதலில் நீங்களே சொல்லுங்கள்

மறைத்த அரியர் இரண்டு வேலை வைக்கும். படிக்கவும் வேண்டும், பொய்யைக் காப்பாற்றவும் வேண்டும். தறி ஓட்டியும் லாரி ஓட்டியும் ஃபீஸ் கட்டுகிற வீட்டில் சொல்லத்தான் நாக்கு வராது, நியாயம்தான். ஆனால் அப்பாவுக்குத் தெரிய வேண்டியது காரணமும் அடுத்து என்ன என்பதும். ‘அப்பா, மேத்ஸ் பேப்பர் ஒண்ணு போயிருச்சுங்க. அடுத்த செமஸ்டரோட சேர்த்து மறுபடி எழுதலாமுங்க. எங்க போச்சுன்னு பேப்பர் நகல் வாங்கிப் பார்க்கப் போறேனுங்க’ என்று மூன்றே வாக்கியம் போதும். திட்டு விழும், விழட்டும். பதிலுக்கு வாத்தியாரையோ கேள்வித்தாளையோ அந்த நேரத்தில் இழுக்காதீர்கள், பேச்சு அந்தப் பக்கம் போனால் திரும்பி வராது.

2. எந்த விதியில் விழுந்தீர்கள் என்று பாருங்கள்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி, எழுத்துப் பாடத்தில் இன்டர்னலுக்கு 40, பருவத் தேர்வுக்கு 60. தேர்ச்சிக்கு மொத்தத்தில் 50 விழுக்காடு வேண்டும். அத்துடன் பருவத் தேர்வில் தனியே 45 விழுக்காடு வேண்டும். இரண்டாவது நிபந்தனையில்தான் பலர் சறுக்குகிறார்கள். இன்டர்னலில் 36 வைத்திருக்கும் ஒருவர் தேர்வுத் தாளில் நூற்றுக்கு 44 எடுத்தால் அது 26.4 ஆகிறது, மொத்தம் 62.4. ஆனாலும் ஃபெயில். ‘அறுபதுக்கு மேல் இருக்கிறதே’ என்று அவர் புலம்புவதில் பயனில்லை. அசைன்மென்ட்டில் கவனமாக இருப்பவர், மூன்று மணி நேரம் தனியாக எழுதுவதில் தளர்கிறார் என்பதே அதன் பொருள்.

மல்லசமுத்திரத்தில் உள்ள மகேந்திரா பொறியியல் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்துகின்றன. சேலம், நாமக்கல் வட்டாரக் கலைக் கல்லூரிகளுக்குப் பெரியார் பல்கலைக்கழக விதிகள். ஆகவே சீனியர் சொன்னதை நம்பாமல் உங்கள் பேட்ச்சுக்கான விதிமுறைப் புத்தகத்தைத் தேர்வுப் பிரிவில் கேட்டுப் படியுங்கள். வருகைப் பதிவு குறைந்து தேர்வெழுத விடாமல் நிறுத்தியிருந்தால் அது வேறு நோய், கீழே உள்ள மருந்து அதற்கு ஆகாது.

3. நகலுக்கு விண்ணப்பியுங்கள்

மறுமதிப்பீட்டுக்கு முந்தைய கட்டம் விடைத்தாள் நகல். கட்டணமும் கடைசித் தேதியும் முடிவோடு வரும் அறிவிப்பில் இருக்கும். நாள் மிகக் குறைவு, தவறினால் தவறியதுதான். பல்கலைக்கழகம் உங்களுக்குச் செய்யும் தயவு என்று இதை நினைக்க வேண்டாம். தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்ட் 9 அன்று தீர்ப்பளித்திருக்கிறது.

‘எப்படியும் ஃபெயில்தான், நகலுக்கு எதற்குக் காசு?’ என்பது வழக்கமான மறுப்பு. மார்க் ஏறும் என்பதற்காக மட்டும் நகல் வாங்குகிறவருக்கு அந்தக் கேள்வி பொருந்தும். நீங்கள் வாங்குவது உங்கள் தப்புகளின் பட்டியலை. ஒரு பாடத்துக்குக் கைடு வாங்கும் காசோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களுக்கென்றே எழுதப்பட்ட கைடு இது ஒன்றுதான்.

இரண்டாவது மறுப்பு கனமானது: ‘நான் நன்றாகத்தான் எழுதினேன், திருத்தியவர் சரியில்லை.’ நடக்கும். பக்கம் விட்டுப்போகும், கூட்டல் பிசகும், சரியான மாற்று வழியில் போட்ட கணக்கு அடிபடும். அதற்காகவே மறுமதிப்பீடு இருக்கிறது. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் நீங்கள் இல்லை. நகலைப் பாடம் நடத்திய ஆசிரியரிடம் கொண்டுபோய், விடைக்குறிப்போடு ஒப்பிட்டு மார்க் போடச் சொல்லுங்கள். அவர் கணக்குக்கும் தாளில் உள்ளதற்கும் வித்தியாசம் தெளிவாக இருந்தால் மறுமதிப்பீட்டுக்குப் போடுங்கள். முடிவு வரும்வரை படிப்பை நிறுத்தாதீர்கள். மறுமதிப்பீட்டை நம்பி இரண்டு மாதம் சும்மா இருந்தவர்களின் கதை எல்லா விடுதியிலும் கேட்கக் கிடைக்கும்.

*எச்சரிக்கை:* ‘உள்ளே ஆள் இருக்கிறார், இவ்வளவு கொடுத்தால் பாஸ்’ என்று வருகிறவரிடம் பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள். அண்ணா பல்கலைக்கழக மறுமதிப்பீட்டில் பணம் புழங்கியதாக 2018-இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்கே பதிந்தது. பணமும் போகும், மாட்டினால் பட்டமும் போகும்.

4. மார்க் எங்கே போனது என்று கணக்குப் போடுங்கள்

நகல் வந்ததும் நேரே படிக்க உட்காராதீர்கள். மேலே சொன்ன சோதனையை நினைவில் வைத்து, அந்தத் தாளை வேறொருவருடையதாக்குங்கள். அதே பேப்பரில் விழுந்த நண்பரோடு நகலை மாற்றிக்கொள்வது நல்ல வழி; அவருடையதை நீங்கள் திருத்துங்கள், உங்களுடையதை அவர் திருத்தட்டும். ஆள் இல்லையென்றால் பெயரும் பதிவெண்ணும் உள்ள பக்கத்தை மடித்துவிட்டு, சிவப்பு மையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நான் இங்கே விட்டுட்டேன்’ என்று எழுதாமல் ‘இந்த ஆள் இங்கே விட்டிருக்கிறார்’ என்று எழுதிப் பாருங்கள். சிரிப்பாக இருக்கும், பார்வை மாறும்.

பொதுவான வடிவம் இது: இரண்டு மார்க் கேள்வி 10, அலகுக்கு ஒன்றாகப் பதின்மூன்று மார்க் கேள்வி 5, பதினைந்து மார்க் கேள்வி 1. முதல் பருவக் கணிதத் தாள் ஒன்றை மாதிரிக்காக வைத்துக்கொள்வோம். இரண்டு மார்க் பகுதியில் 12. பதின்மூன்றில் அணிகளுக்கு 9, வகைநுண்கணிதத்துக்கு 8, பல மாறிச் சார்புகளுக்கு 0, தொகைநுண்கணிதத்துக்கு 5, பல்தொகையீட்டுக்கு 6. கடைசிக் கேள்வி 0. மொத்தம் 40. தேவை 45. ‘எனக்கு மேத்ஸே வராது’ என்று அந்த மாணவர் சொல்லிக்கொண்டு திரிவார். தாள் சொல்வது வேறு: அவர் இழந்த 60 மார்க்கில் 28 பேனாவே படாத இரண்டு கேள்விகளில் போயிருக்கிறது. மூன்றாம் அலகைச் சாய்ஸில் விட்டிருக்கிறார். கடைசிக் கேள்விக்கு நேரம் இல்லை. தேர்ச்சிக்குத் தூரம் 5 மார்க்.

5. தரம் பிரியுங்கள்

மல்லசமுத்திரம் கூட்டுறவுச் சங்கத்துப் பருத்தி ஏலத்தைப் பார்த்திருந்தால் இது எளிதில் விளங்கும். பி.டி. பருத்திக்கு ஒரு விலை, கொட்டுப் பருத்திக்கு அதைவிட வெகு குறைச்சல். வியாபாரி மேலாகப் பார்க்கமாட்டார், மூட்டைக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். அதனால் விவரமான விவசாயி திண்ணையிலேயே உட்கார்ந்து சருகையும் கறை பட்ட பஞ்சையும் பூச்சி அடித்த சுளையையும் வேறாக்கிவிட்டுத்தான் மூட்டை கட்டுவார். எல்லாவற்றையும் ஒன்றாகத் திணித்தால் நல்ல பஞ்சுக்கும் நல்ல விலை வராது. ‘ஃபெயில்’ என்ற ஒற்றைச் சொல் அப்படித் திணித்த மூட்டை. சிவப்பு மை பட்ட ஒவ்வொரு இடத்தையும் கீழ்க்கண்ட நான்கில் ஒன்றில் போடுங்கள்.

படிக்காதது: இதற்கு வைத்தியம் நேரடியானது, அந்த அலகைப் படிப்பது. அளவுக்கு மிஞ்சிக் கவலைப்பட வேண்டியதில்லை.

படித்து மறந்தது: படிக்கும் முறையில் கோளாறு. அடுத்த பகுதி முழுக்க இதற்குத்தான்.

தெரிந்தும் பிசகியது: எழுதும்போது கை நழுவிய இடங்கள். இதற்கு மறுபடி படிப்பது வீண். சரிபார்ப்புப் பழக்கம்தான் வேண்டும், அதுவும் தப்புக்கேற்ற பழக்கம். அணியின் ஐகன் மதிப்புகளைக் கண்டதும் கூட்டிப் பாருங்கள். முதன்மை மூலைவிட்டத்தில் உள்ள எண்களின் கூட்டுத்தொகையோடு ஒத்துவராவிட்டால் எங்கோ குறி மாறியிருக்கிறது. அரை நிமிடம்கூட ஆகாது. இரட்டைத் தொகையீட்டில் வரிசையை மாற்றும்போது எல்லைகள் தப்புகின்றனவா? பகுதியைப் படம் போடாமல் எல்லை எழுதுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதிரித் தாளில் அணிக் கணக்கில் போன 4 மார்க்கும் பல்தொகையீட்டில் போன 7 மார்க்கும் இப்படித்தான் போயின என்று வைத்துக்கொண்டால், அவருக்குத் தேவையான 5 மார்க் புதிதாக ஒரு வரி படிக்காமலே கையருகில் இருந்திருக்கிறது.

கேள்வி புரியாதது: தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து வந்தவர்களுக்கு இது உண்மையான தொல்லை, வெட்கப்பட ஒன்றுமில்லை. பாடம் தெரியும், கேள்வியின் வினைச்சொல் தெரியாது. நிறுவு, தருவி, ஒப்பிடு, விளக்கு ஆகியவற்றின் ஆங்கிலச் சொற்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு பதிலைக் கேட்கின்றன. பழைய வினாத்தாள் பத்தை எடுத்து, அந்தச் சொற்களை மட்டும் பொறுக்கித் தமிழில் அர்த்தம் எழுதி ஒட்டி வையுங்கள். இருபது தேறினால் அதிகம்.

*வழக்கமான தப்பு:* எல்லாவற்றையும் ‘கவனக்குறைவு’ என்ற பெயரில் போட்டு மூடுவது. காதுக்கு இதமான சொல் அது, ‘எனக்குத் தெரியும், கொஞ்சம் அசந்துட்டேன்’ என்ற தொனி அதில் இருக்கிறது. ஒரே இடத்தில் மூன்று முறை அசந்தால் அது அசதி இல்லை, தெரியாமைதான். முதல் வகைக்கு மாற்றுங்கள்.

6. படிப்பதைக் குறைத்து எழுதிப் பாருங்கள்

2006-இல் ரோடிகர், கார்பிக் இருவரும் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு கட்டுரையை நான்கு சுற்றுப் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்றுப் படித்துவிட்டு, மூன்று சுற்றுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்த குழுவே முந்தியது, 83-க்கு 71 விழுக்காடு. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. தேர்வுக்கு முந்தின ராத்திரி ‘எல்லாம் தெரிகிறது’ என்று தோன்றுவதும் ஹாலில் ஒன்றும் வராமல் போவதும் இதனால்தான். படித்த சூட்டில் இருக்கும் தெம்பு ஏமாற்றும்.

வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் போதும். புத்தகத்தை மூடி, ஒரு பழைய பதின்மூன்று மார்க் கேள்வியை எழுதுங்கள். மூன்று மணி நேரத்துக்கு 100 மார்க் என்றால் மார்க்குக்கு 1.8 நிமிடம், பதின்மூன்று மார்க்குக்கு 23 நிமிடம், பதினைந்துக்கு 27. அலைபேசியில் அலாரம் வைத்து, அடித்ததும் பேனாவைக் கீழே வையுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து சிவப்பு மையில் திருத்தி, நான்கு வகையில் எதில் விழுகிறது என்று ஓரத்தில் குறியுங்கள். தப்பு வரும், வரட்டும். முதலில் தானே முட்டிமோதித் தவறிவிட்டுப் பிறகு சரியான முறையைக் கேட்பவர்களுக்குப் பாடம் ஆழமாகப் பதிகிறது என்று சிங்கப்பூரில் மனு கபூர் தொடங்கிவைத்த ஆய்வுகள் காட்டுகின்றன. 53 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2021-ஆம் ஆண்டுக் கட்டுரையும் அப்பக்கமே சாய்கிறது. அந்த ‘பிறகு’ முக்கியம். திருத்தாமல் மூடி வைத்த நோட்டு எத்தனை சேர்ந்தாலும் பழைய அரியர்தான்.

‘இந்த செமஸ்டர் பாடத்துக்கே நேரமில்லை’ என்பவருக்கு: வாரம் மூன்று மணி நேரம் கேட்பது ஒரு பேப்பருக்கு. ஐந்தாறு பேப்பர் நிலுவையில் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே தேர்வில் முடிக்க நினைக்காதீர்கள். நகல் கணக்கில் 45-க்கு மிக அருகில் உள்ள இரண்டை முதலில் எடுங்கள். பொறியியல் பட்டத்தை முடிக்க அண்ணா பல்கலைக்கழகம் அதிகபட்சம் ஏழு ஆண்டு தருகிறது என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

7. நேர்காணலில் கேட்டால்

நிலுவை அரியர் இருந்தால் பல நிறுவனங்கள் உள்ளேயே விடுவதில்லை. முடித்த அரியரைக்கூடச் சில நிறுவனங்கள் எண்ணும். இதை இனிப்புத் தடவிச் சொல்ல வழியில்லை. விண்ணப்பத்தில் எண்ணிக்கையைக் குறைத்து எழுதாதீர்கள், மதிப்பெண் சான்றிதழில் தேர்ச்சி பெற்ற மாதம், ஆண்டு எல்லாம் இருக்கும். கேட்டால் குடும்பச் சூழ்நிலையில் தொடங்கி நீட்டாமல், விடைத்தாளில் கண்டதைச் சொல்லுங்கள்: ‘முதல் செமஸ்டர் மேத்ஸில் நாற்பது வாங்கினேன் சார். நகல் வாங்கிப் பார்த்தேன். இரண்டு கேள்வி எழுதவே இல்லை, ஒன்று படிக்காதது, ஒன்று நேரம் போதாதது. நேரம் வைத்து எழுதிப் பழகி அடுத்த தடவை முடித்துவிட்டேன்.’ அதற்குமேல் அவர்கள் அணிக் கணக்கு ஒன்றைக் கொடுத்தால், விடை கண்டதும் மூலைவிட்டத்தைக் கூட்டிப் பார்க்க மறக்காதீர்கள்.